இடக்கைத் தேய்மானம்

அந்தக் கடையில் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவள் பாடம் நடத்தியதில்லை. கையில் எப்போதும் ஒரு துண்டு சாக்பீஸ் இருக்கும், அவ்வளவுதான். பழைய சாமான்களை ஏலம் விடும் கடை அது. அதன் பின்கட்டில், ஜன்னலோரம் போட்ட நீள மேஜையில், யாரோ கொண்டுவந்த பாட்டுப் பெட்டியைப் பிரித்துப் பரப்பி, எந்தப் பாகம் பெட்டியோடு பிறந்தது, எது பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. கூடப் பிறந்த பாகத்துக்குப் பக்கத்தில் மேஜைமேல் ஒரு சரி. ஒட்டிக்கொண்டதற்கு ஒரு பெருக்கல் குறி.

"ஹோம்வொர்க் திருத்தியாச்சா டீச்சர்?" என்று முதலாளி கதவோரம் தலையை நீட்டுவார்.

"ரெண்டு பேரு ஃபெயிலு," என்பாள் நிமிராமல்.

பெருக்கல் விழுந்தால் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சாமானுக்குச் சொந்தக்காரர் நேரில் வரவேண்டும். அந்தக் குறியைக் கண்ணால் பார்த்து, ஆமாம், மாறித்தான் இருக்கிறது என்று வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் சாமான் ஏலத்துக்குப் போகும். முன்பு ஒரு தடவை இப்படிச் செய்யாமல் விட்டதில் வாங்கியவரும் விற்றவரும் கடை வாசலில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நடுவில் புகுந்த முதலாளியின் சட்டைதான் கிழிந்தது.

தட்டு சுற்றிப் பாடுகிற கிராமபோனை எல்லோருக்கும் தெரியும். டீச்சரிடம் அதிகமாக வந்தது அதற்கும் மூத்தது, மெழுகு உருளை சுற்றிப் பாடுகிற ஃபோனோகிராஃப். தையல் மிஷின் மூடி மாதிரி ஒரு மூடி, அதற்குள் மரப்பெட்டி, பக்கவாட்டில் சாவி கொடுக்க ஒரு கைப்பிடி, மேலே ஒரு தண்டிலிருந்து சங்கிலி போட்டுத் தொங்குகிற, பூப்போல விரிந்த குழல். ஜனங்கள் குழலைப் பார்த்துத்தான் மயங்குவார்கள். ஏமாற்று வேலை நடப்பதும் அங்கேதான். புதுசாக ஒரு குழல் அடித்து, புகை காட்டி, அமிலம் தடவி, ஒரே ராத்திரியில் அதற்குக் கொள்ளுத்தாத்தா வயசு ஏற்றிக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். டீச்சர் குழலின் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். கவிழ்த்துப் போட்டு, இதழும் இதழும் சேரும் மடிப்பில் நகத்தை ஓட்டுவாள். பழைய மடிப்பில் நகம் அங்கங்கே தடுக்கும். பிறகு வாய் விளிம்பில் ஒரு சின்னக் காந்தத்தைக் கொண்டுபோவாள். பித்தளைக் குழலில் காந்தம் ஒட்டாது. ஆனால் பழைய காலத்தில் விளிம்பைச் சுருட்டும்போது உள்ளே ஓர் இரும்புக் கம்பியை வைத்துச் சுருட்டியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கம்பி காந்தத்தை மெதுவாக இழுக்கும். அந்த இழுப்பு விரலுக்குத் தெரிந்ததும் டீச்சரின் முகத்தில் ஒரு சமாதானம் வரும்.

அதற்கப்புறம் நிழல். பாகத்தைத் தூக்கினால் அடியில் மரத்தில் அதன் நிழல் தங்கியிருக்க வேண்டும். வருஷக்கணக்காக அது மறைத்துக்கொண்டிருந்த இடம் மட்டும் நிறம் மாறாமல், அதே வடிவத்தில். பாகமும் நிழலும் ஒத்துப்போகவில்லையென்றால் அது வேறு வீட்டுப் பிள்ளை.

இந்தக் கண் அவளுக்குப் பொத்தான் கடையில் வந்தது. இருபது வயசில் அங்கேதான் வேலைக்குச் சேர்ந்தாள். ஒற்றைப் பொத்தானைக் கொண்டுவந்து நீட்டி, இதே மாதிரி வேண்டும் என்பார்கள். இவள் டப்பாக்களைக் கவிழ்த்துக் கலைத்து, வந்தவர் போதும் போதும் என்கிறவரைக்கும் தேடுவாள். "எல்லாம் ஒரே மாதிரிதானேம்மா இருக்கு, குடும்மா" என்று அலுத்துக்கொண்டவர்களிடம், "ஒரே மாதிரி இருக்கறது வேற, அதேதான்கறது வேற" என்று சொல்லித்தான் அந்தக் கடையில் பாதி வாடிக்கையைக் கெடுத்தாள். இந்த முதலாளியும் அப்படி ஒரு கோட்டுப் பொத்தானுக்காக வந்து, அரை மணி நேரம் நின்று கால் வலித்தவர்தான். கடைசியில் பொத்தானோடு அவளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய், யாரும் அதைப் பற்றிப் பேசாத வயசு வந்துவிட்டது. அண்ணன் இருந்தபோது அண்ணன் வீட்டு மாடி அறையில் இருந்தாள். அண்ணன் போன பிறகும் அங்கேயே இருந்தாள். கீழே அண்ணி, அண்ணியின் டிவி. இரண்டு பேருக்கும் சண்டை கிடையாது. சண்டை போடவும் கொஞ்சம் நெருக்கம் வேண்டியிருக்கிறது.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன் அண்ணி."

"கேட்டைச் சாத்தினியா?"

"சாத்திட்டேன்."

பல நாள் வீட்டில் அவள் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் இவ்வளவுதான். என்றைக்காவது அண்ணிக்குப் பேச்சு வாய்த்தால் அது இப்படி வரும்: "காலம் பூரா அடுத்தவங்க சாமான் அசலா போலியான்னு பாத்துட்டே இருந்துட்ட. உனக்குன்னு போலியாவாவது ஒண்ணு தேடியிருக்கலாம்." டீச்சர் சிரித்துக்கொண்டே படியேறுவாள். அண்ணிக்கு நாக்கு நல்ல நாக்கு, ஆள் கிடைக்காமல் அதுவும் துருப்பிடிக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

மேலே போய் ஒரு ஆளுக்குச் சமைப்பாள். பாதி வெங்காயம் போதும். மீதிப் பாதி கிண்ணத்தில் கவிழ்ந்து கிடக்கும். மறுநாள் அதன் வெட்டுமுகம் காய்ந்து, கொஞ்சம் சீவி எறிய வேண்டியிருக்கும். முழு வெங்காயம் முழுசாகச் செலவான நாள் அவளுக்கு ஞாபகமில்லை.

வியாழக்கிழமை மதியத்தை முதலாளி உதிரிப் பாகங்களுக்கென்று ஒதுக்கியிருந்தார். முழு மிஷின் இல்லாதவர்கள் கையில் ஒரு குழலையோ ஒரு சக்கரத்தையோ வைத்துக்கொண்டு வந்து காட்டலாம். அப்படி ஒரு வியாழக்கிழமைதான் மருந்துக்கடைக்காரர் வந்தார். மருந்துக்கடை வைத்திருந்து, முட்டி வலி வந்து, கடையைக் கைமாற்றிவிட்டு வீட்டில் உட்கார்ந்தவர். கடை போனாலும் கை போகவில்லை. கொண்டுவந்த பாகத்தை வெள்ளைக் காகிதத்தில், பொடி மருந்து மடிக்கிற மடிப்பில், ஒட்டாமல் கட்டாமல் நுனியை நுனிக்குள் செருகி மடித்திருந்தார். டீச்சர் அதைப் பிரிப்பதற்கு முன்னால் மடிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது அசல்தானான்னு பாக்கணும்," என்றார்.

"எங்க கெடைச்சுது?"

"அங்கங்க… ஒவ்வொண்ணா சேத்துட்டு வர்றேன். எல்லாம் சேந்ததும் ஒரு முழு மிஷினா மாட்டிடலாம்னு ஆசை."

உள்ளே இருந்தது சவுண்ட் பாக்ஸ். உருளைமேல் ஊர்ந்து, அதன் கீறலைப் பாட்டாக்கிக் குழலுக்கு அனுப்பும் உள்ளங்கை அளவு உறுப்பு. டீச்சர் லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டாள். மைக்கா தகட்டின் ஓரம் பழுப்பேறி, ஏடு ஏடாகக் கொஞ்சம் பிரிந்திருந்தது, சரி. சுற்றியிருந்த ரப்பர் வளையம் கல்லாக இறுகியிருந்தது, சரி. முள்ளின் நுனியில் இருந்த சின்ன நீலக்கல் ஒரு பக்கம் மட்டம் தட்டியிருந்தது. நிறையப் பாடிய முள். மேஜைமேல் ஒரு சரி போட்டாள்.

"சரி போட்டா நல்லதா?"

"நல்லதுதான்."

"பெருக்கல் போட்டா?"

"சொந்தக்காரங்க நேர்ல வந்து பாத்து ஒத்துக்கணும்."

"நான்தான் நேர்லயே வந்து நிக்கறேனே," என்றார் அவர். டீச்சருக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. பின்கட்டில் தன் சிரிப்பு அவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியாது.

அடுத்த வியாழனும் வந்தார். அதற்கடுத்ததும். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு பொட்டலம். வைத்துவிட்டுப் பேச ஆரம்பிப்பார். டாக்டர் கையெழுத்து புரியாமல் ஒரு தடவை டாக்டரிடமே திருப்பிக் கொண்டுபோனதையும், டாக்டர் அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, 'இது எந்த மடையன் எழுதினது?' என்று கேட்டதையும் சொல்வார். மிஷின் ஒரே சீராக ஓடுவதற்கு உள்ளே சுழலும் குண்டுகள் வைத்த ஓர் உறுப்பு இருக்கும். மெக்கானிக்குகள் அதைக் கவர்னர் என்பார்கள். அதைக் கொண்டுவந்த அன்றைக்கு வாசலிலேயே நின்று, "கவர்னர் வந்திருக்காரு டீச்சர், எழுந்திருக்க மாட்டீங்களா?" என்றார். டீச்சர் நிஜமாகவே பாதி எழுந்துவிட்டாள். முதலாளிக்கு அன்றைக்கு முழுக்க அதைச் சொல்லிச் சிரிப்பதே வேலையாகப் போய்விட்டது.

டீச்சர் ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவருவாள். சில வாரங்களில் கூட ஒரு டம்ளரும் பையில் ஏறியது.

"ரெண்டு டம்ளர் எதுக்கு?" என்று அண்ணி கேட்டாள். அண்ணி கண்ணில் படாமல் அந்த வீட்டைவிட்டு ஒரு ஸ்பூன் வெளியே போகாது.

"ஒண்ணு ஒடஞ்சா இருக்கட்டும்னு."

"எவர்சில்வர் டம்ளரா ஒடையப் போவுது?" என்றாள் அண்ணி.

கைப்பிடி வந்த வாரம்தான் டீச்சருக்கு முதலில் உறுத்தியது. சாவி கொடுக்கிற அந்தக் கைப்பிடியின் நுனியில் ஒரு மரக்குமிழ் இருக்கும். பிடித்துச் சுற்றும்போது குமிழ் கைக்குள் தானாகச் சுழலும். இதில் சுழலவில்லை. எப்போதோ துருப்பிடித்து இறுகியிருந்தது. இறுகிய குமிழைப் பிடித்தே யாரோ பல வருஷம் சாவி கொடுத்திருக்கிறார்கள். கட்டைவிரல் அழுந்திய இடத்தில் மரம் தேய்ந்து, ஒரு சின்னக் குழி விழுந்திருந்தது. டீச்சர் தன் வலது கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. இடது கைக்கு மாற்றினாள். போய் உட்கார்ந்துகொண்டது.

"இடக்கைக்காரங்க யாரோ வெச்சிருந்தது," என்றாள்.

"அப்படியா?" என்றார் அவர். அன்றைக்குக் காகிதத்தைத் திரும்ப மடிக்க அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

பிறகு பிரேக் வந்தது. மிஷினை நிறுத்துகிற சின்ன நெம்புகோல். சாதாரணமாக நிக்கல் பூச்சு வலது ஓரத்தில்தான் தேய்ந்திருக்கும். இதில் வலது ஓரம் பளபளவென்று இருக்க, இடது ஓரம் தேய்ந்து பித்தளை தெரிந்தது. டீச்சர் லென்ஸை எடுக்காமல் அப்படியே குனிந்திருந்தாள். அதே கை. பிறகு, பிரேக்கோடு வந்த திருகாணியைப் பார்த்தாள். பழைய திருகாணியின் தலை வெட்டுக்குள் கறுப்பு படிந்திருக்க வேண்டும். இதில் வெட்டின் ஓரம் பிய்ந்து, உள்ளே வெள்ளிக் கீற்றாக மின்னியது. அளவு சேராத ஸ்க்ரூடிரைவரைப் போட்டு யாரோ திருகியிருக்கிறார்கள். அதுவும் இந்த வாரம்.

அங்கங்கே கிடைத்ததும் இல்லை, ஒவ்வொன்றாகச் சேர்த்ததும் இல்லை. இந்த ஆள் வீட்டில் ஒரு முழு மிஷின் இருக்கிறது. வியாழக்கிழமை வந்தால் அதிலிருந்து ஒன்றைக் கழற்றி, மருந்துபோல மடித்து, இங்கே எடுத்துக்கொண்டு வருகிறார். போய்த் திரும்ப மாட்டிவிடுகிறார்.

அவர் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டபோது டீச்சர் கவனித்தாள். வலது கை. இடக்கைக்காரர் வேறு ஒருவர். அந்த ஒருவர் இருந்திருந்தால் இவர் இங்கே வந்து டீ குடித்துக்கொண்டிருக்க மாட்டார் என்பதும் அவளுக்குப் புரிந்தது.

சொல்லியிருக்க வேண்டும். உங்கள் மிஷின் முழுசும் அசல், இனிமேல் கழற்றாதீர்கள் என்று ஒரு வாக்கியம். சொன்னால் அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார், வியாழக்கிழமையும் மற்ற கிழமைகளோடு போய்ச் சேர்ந்துவிடும். டீச்சர் மேஜைமேல் ஒரு சரி போட்டாள். "நல்லதுதான்," என்றாள். டீயை ஊற்றினாள்.

அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு பொட்டலத்திலும் அவள் முதலில் திருகாணித் தலையைத்தான் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் புதுக் கிழிசல். தொட்டாலே தப்பு என்று மற்றவர்களிடம் கத்துகிறவள், இவர் பிய்த்துக் கொண்டுவருவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். வீட்டில் பாதி வெங்காயத்தைச் சீவும்போது அந்த வெள்ளிக் கீற்று ஞாபகத்துக்கு வரும். அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொள்வாள்.

ஒரு வியாழன், போகிறபோது, குடையை எடுத்துக்கொண்டே அவர் சொன்னார்: "அடுத்த வாரம் ஸ்பிரிங் டப்பா. மூடி ரொம்ப இறுக்கமா இருக்கு. வீட்லயே தொறந்து கொஞ்சம் தொடைச்சிட்டு எடுத்துட்டு வரேன்."

டீச்சரின் கையிலிருந்த சாக்பீஸ் நின்றது. சாவி கொடுக்கும்போது முறுக்கேறுகிற ஸ்பிரிங் அந்த டப்பாவுக்குள்தான் சுருண்டிருக்கும். அவளுக்கு முன்னால் இந்த மேஜையில் உட்கார்ந்திருந்தவர் ஒரு தடவை ஸ்பிரிங் டப்பாவைத் திறந்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தையல் போட வேண்டியிருந்தது.

"இருங்க," என்றாள். "அதத் தொடாதீங்க."

"ஏன்? சாவி முழுக்கத் தீந்துதான் இருக்கு."

"தீந்தாலும் டப்பாவுக்குள்ள பாதி முறுக்கு அப்படியே நிக்கும். மூடியத் தொறந்தா பாஞ்சு வெளிய வரும். மூஞ்சி, கையி எதுவும் பாக்காது."

"அப்படியே தொறக்காம கொண்டு வரேன். குடுத்தவங்க…"

"யாரும் குடுக்கல," என்றாள் டீச்சர். குரல் அவள் நினைத்ததைவிடக் கறாராக வந்துவிட்டது. "உங்க வீட்ல முழு மிஷின் இருக்கு. நல்ல மிஷின். ஒரு பாகம்கூட மாறல. அத நீங்க வாராவாரம் கழட்டிக் கழட்டி ஸ்க்ரூவெல்லாம் கிழிச்சு வெக்கிறீங்க."

அவருடைய காது மடல்கள் சிவந்தன. குடையைத் திரும்பச் சுவரில் சாய்த்தார். அது வழுக்கி விழுந்தது. இரண்டு பேரும் எடுக்கவில்லை.

"எப்படித் தெரிஞ்சுது?"

"கட்டைவிரலு. எல்லாத்துலயும் ஒரே கை தேஞ்சிருக்கு. இடது கை."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "என் வீட்டுக்காரி. அவளுக்கு எல்லாமே இடதுதான். கடையில இருக்கற கத்திரிக்கோல் ஒண்ணும் அவளுக்கு ஒத்துவராது. அதுக்கும் என்னத்தான் திட்டுவா, நான் என்னமோ கத்திரிக்கோல் கம்பெனி வெச்சிருக்கற மாதிரி." கொஞ்ச நேரம் மேஜையில் இருந்த சரி குறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?"

டீச்சருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "பிரேக் கொண்டு வந்தீங்களே, அப்ப."

பிரேக் வந்து எத்தனையோ வியாழக்கிழமை ஆகிவிட்டது. அவர் முகம் அதைக் கணக்குப் போடுவது தெரிந்தது. அதற்கப்புறம் சங்கிலி, குழல் தொங்கும் தண்டு, உருளை மாட்டும் தண்டு எல்லாம் வந்துவிட்டன. அதற்கப்புறம் எத்தனை டம்ளர் டீ.

"அப்பவே சொல்லியிருக்கலாமே," என்றார்.

"சொல்லியிருக்கலாம்," என்றாள் டீச்சர்.

அவர் தன் பொட்டலத்தை எடுத்து, முதல் தடவையாக மடிக்காமல், அப்படியே சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனார். குடை கிடந்தது. முதலாளி வாசல் வரைக்கும் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த வியாழன் அவர் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் இல்லை. முதலாளி ஒரு நாள், "என்ன டீச்சர், மருந்து சாப்பிடறத நிறுத்திட்டீங்களா?" என்றார். டீச்சர் நிமிர்ந்து பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை அதற்கப்புறம் எடுக்கவில்லை. வேறு ஆட்கள் வேறு உதிரிகளைக் கொண்டுவந்தார்கள். செய்தித்தாளில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்தார்கள். அவிழ்க்கும்போதே எரிச்சலாக வந்தது. சிலதுக்குச் சரி, பலதுக்குப் பெருக்கல்.

இரண்டு டம்ளரையும் சில வாரம் சுமந்துகொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்தாள். ஒரு நாள் ஒன்றை அடுக்களையிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

"ஒண்ணு ஒடஞ்சிருச்சா?" என்றாள் அண்ணி, டிவியைப் பார்த்துக்கொண்டே.

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டைச் சாத்திவிட்டுப் போனாள்.

மழை விட்ட ஒரு வாரத்தில் கடை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. இரண்டு ஆட்கள் ஒரு மரப்பெட்டியையும், போர்வை சுற்றிய ஒரு குழலையும் இறக்கினார்கள்.

"உங்க மருந்துக்கடைக்காரர் மிஷின்தான்," என்றார் முதலாளி. "அவர் பையன் வெளியூர்லருந்து பேசினான். வீட்டக் காலி பண்ணி அப்பாவ ஒரு சின்ன எடத்துக்கு மாத்தறானாம். இதுக்கு அங்க எடமில்லையாம். ஏலத்துல போட்டுடச் சொன்னான். பாத்துடுங்க டீச்சர்."

முழுசாக அதை அவள் பார்த்ததில்லை. பாகம் பாகமாக எல்லாம் தெரியும். ஒருவருடைய பேச்சை மட்டும் ரொம்ப நாள் கேட்டுவிட்டு, பிறகு ஆளை நேரில் பார்ப்பது மாதிரி இருந்தது. குழலைக் கவிழ்த்து மடிப்பில் நகம் ஓட்டினாள், தடுத்தது. விளிம்பில் காந்தம் மெதுவாக இழுத்தது. தண்டின் பிடியைத் தூக்கினாள். அடியில் அதன் நிழல் ஒரு நூல்கூடப் பிசகாமல் இருந்தது. கவர்னர், பிரேக், சவுண்ட் பாக்ஸ், ஒவ்வொன்றாகச் சரி, சரி, சரி. திருகாணிகளைப் பார்த்தபோது கொஞ்சம் நின்றாள். கிழிசல்கள் அப்படியே இருந்தன. அவற்றுக்கு எண்ணெய் தொட்டு வைத்திருந்தார், காயத்துக்கு மருந்து வைக்கிற மாதிரி. ஸ்பிரிங் டப்பா தொடப்படாமல் கறுப்பாக இருந்தது.

கடைசியாகக் கைப்பிடி. பிடித்ததுமே கைக்குத் தெரிந்துவிட்டது. மரக்குமிழ் கைக்குள் சுகமாகச் சுழன்றது. குழி இல்லை. இடது கட்டைவிரலையும் வலது கட்டைவிரலையும் மாற்றி மாற்றி வைத்தாள். எதற்கும் அங்கே இடமில்லை. அதே கம்பெனி, அதே காலம், திருகு மரையும் சரியாக ஏறுகிறது. ஆனால் இந்த மிஷினுடையது இல்லை.

டீச்சருக்கு முகம் சூடேறியது. பெருக்கல் விழுந்தால் சொந்தக்காரர் நேரில் வரவேண்டும் என்று அவருக்குத் தெரியும். முதல் நாளே சொன்னது. இந்தக் கைப்பிடி மாறியிருப்பதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஆள் அவள் ஒருத்திதான் என்பதும் அவருக்குத் தெரியும். அப்படியென்றால்? நாற்காலியில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்துப் பெண்போல நினைப்பு எங்கெங்கோ ஓடிற்று. அதைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது.

அப்புறம் தன் இடது கட்டைவிரலைப் பார்த்தாள். அந்தக் குழியில் போய் உட்கார்ந்த விரல். எல்லாப் பாகங்களிலும் அந்தக் கை தேய்த்திருந்தது. ஆனால் அந்தக் கையை அப்படியே வைத்திருந்தது அந்த ஒன்றுதான். அதை எப்படிக் கொடுப்பார்?

முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். "எல்லாம் பாஸா?"

"கைப்பிடி வேற."

"அடப்பாவி மனுஷா! மாத்தி வெச்சு ஏமாத்தறாரா?"

"ஏமாத்தல. எடுத்து வெச்சுக்கிட்டாரு."

"ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர்?"

"இல்ல," என்றாள்.

"சரி, கைப்பிடிதானே? மரை சேருது, சுத்துது. யாரு கண்டா? சரி போட்டுடுங்க."

டீச்சர் சாக்பீஸை எடுத்து, கைப்பிடிக்குப் பக்கத்தில், மேஜைமேல், நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு பெருக்கல் போட்டாள்.

அவர் வியாழக்கிழமை மதியமே வந்தார். எந்தக் கிழமை என்று யாரும் சொல்லவில்லை. கொஞ்சம் இளைத்திருந்தார். கையில் பொட்டலம் எதுவும் இல்லாததால் அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார். மேஜையருகே வந்து குனிந்து குறியைப் பார்த்தார்.

"மாறித்தான் இருக்கு," என்றார், சாட்சி சொல்கிறவர் மாதிரி. முதலாளி, "அவ்வளவுதான் சார், முடிஞ்சுது" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு முன்கட்டுக்குப் போய்விட்டார்.

"உக்காருங்க," என்றாள் டீச்சர்.

உட்கார்ந்தார். "பையன் எல்லாத்தையும் குடுத்துடுங்கன்னான். சரின்னுட்டேன். கைப்பிடி மட்டும் கழட்டினேன். அதத் திரும்ப மாட்ட மனசு வரல. வேற ஒண்ணு தேடிப் பிடிச்சு மாட்டினேன். நீங்க கண்டுபிடிப்பீங்கன்னு தெரியும்."

"ம்."

"ஆனா உங்களுக்காக மாத்தல."

"தெரியும்," என்றாள் டீச்சர். தெரிந்திருந்தும், அதை அவர் வாயால் கேட்டபோது எங்கோ ஓர் இடத்தில் வலித்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவள் மேஜைக்கு வந்ததில் முதல் தடவையாக.

ஃபிளாஸ்க்கைத் திறந்தாள். டம்ளர் ஒன்றுதான் இருந்தது. அதில் அவருக்கு ஊற்றி, தனக்கு ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றிக்கொண்டாள். அவர் அதைக் கவனித்தார். முன்கட்டில் முதலாளி யாருடனோ போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"வீட்ல ஒரு சுவர்க்கடிகாரம் இருக்கு," என்றார் அவர், டம்ளரைப் பார்த்துக்கொண்டு.

"எனக்குக் கடிகாரம் தெரியாதுங்க."

"தெரிய வேணாம். அது அசல்தான். வாங்கின அன்னிக்கு நானும் கூடத்தான் போயிருந்தேன்."

டீச்சர் சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பு பக்கத்தில் வந்து நின்றது. "கழட்டிடாதீங்க," என்றாள்.

"கழட்டல. சுவத்துலருந்து எடுத்தாலே அந்த எடம் மட்டும் வேற நெறமா தெரியும். நிழலு விழுந்திருக்கும் இல்ல? நீங்கதானே சொன்னீங்க."

"அப்ப எடுக்காதீங்க. வீடு காலி பண்ற வரைக்கும் இருக்கட்டும்."

"எடுக்காம நீங்க எப்படிப் பாப்பீங்க?"

டீச்சர் மேஜையில் கிடந்த சாக்பீஸ் துண்டை எடுத்து டப்பாவில் போட்டாள். திரும்ப எடுத்தாள். கடையை விட்டு வெளியே போய் அவள் எதையும் பார்த்ததில்லை. யாரும் அவளைக் கூப்பிட்டதுமில்லை.

"ஆறிடும், குடிங்க," என்றாள்.